மீனாட்சிக்கு பிரேக் கிடையாது!

விருதுநகரில் பிறந்தவனுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு குடத்தோடு முடிந்துவிடும். லாரி வருகிற நாளில் முன்வரிசையில் குடம் வைக்க இடம் பிடிப்பது, அரை வாளியில் முழுக் குளியல் போடுவது... இதுதான் எங்கள் ஊர் நீச்சல்! அப்பேர்ப்பட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் தெரிகிற இடத்தில் ஒரு மோட்டார் படகின் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

கொடுத்தார், என் அக்கா வீட்டுக்காரர்.

அத்தானுக்கு ஜாகை அமெரிக்காவில், மயாமி பக்கம். நம் ஊரில் வீட்டுக்கு வீடு டூ வீலர் இருக்கிற மாதிரி அங்கே படகு. ஃப்ளோரிடா மாநிலத்தில் பதிவு செய்த படகுகள் மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார், எதிர் வீட்டுக்காரர் வாங்கிவிட்டார், நாம் மட்டும் கரையில் நின்று கையாட்டுவதா என்று அத்தானும் நாலு வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிவிட்டார். 22 அடி நீளம். பின்னால் 150 குதிரை சக்தி மோட்டார். பெயர் 'மீனாட்சி'. 'மீனைப் போன்ற கண்ணுடையவள்' என்று அர்த்தம் சொன்னதும் வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்களாம். கடலில் போகிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

"முப்பதாயிரம் டாலர் மாப்ளே!" என்றார் பெருமையாக.

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? ஒரு பேப்பரை எடுத்துக் கோடு போட்டேன். காலனி வாசலில் படகை நிறுத்தக் கூடாது என்று அங்கே கட்டுப்பாடு. ஆகவே வெளியே நிறுத்த வாடகை வருஷத்துக்கு 2,400 டாலர். இன்சூரன்ஸ் 1,200. சர்வீஸ் 1,800. 'அது போச்சு, இது போச்சு' ரிப்பேர் 2,000. பெட்ரோலும் படகு இறக்குகிற கட்டணமும் 2,600. கூட்டினால் பத்தாயிரம். பத்து சதவிகிதத் தேய்மானம் இன்னொரு மூவாயிரம்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை போவீங்க அத்தான்?"

"ஒரு... இருபது தடவை இருக்கும்."

"அப்ப ஒரு தடவைக்கு 650 டாலர். நம்ம காசுக்கு அரை லட்சத்துக்கு மேல!"

அத்தான் முகம் அமாவாசை ஆகிவிட்டது. சமையலறையிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது: "இதையே நான் சொன்னா ராட்சசி. தம்பி சொன்னா ஆடிட்டர்!"

ஏதோ நம்மால் ஆன உதவி என்று, "சர்வீஸ் செலவைப் பாதியாக் குறைக்கலாமே" என்று ஒரு யோசனை சொன்னேன். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுல மட்டும் கை வைக்காதே. கார் நின்னுபோனா ஓரமா நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். கடல்ல ஓரம் எங்கப்பா இருக்கு?"

அன்றைக்கு அதை நான் ஒரு ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மீனாட்சி புறப்பாடு. அத்தான், அக்கா, ஐந்து வயது மருமகன், நான். வேனுக்குப் பின்னால் டிரெயிலரில் அம்பாள் பவனி வர, நீளமான ரிக்கன்பாக்கர் பாலத்தைத் தாண்டி கீ பிஸ்கேன் தீவுக்குப் போனோம். அங்கே கிராண்டன் பார்க்கில் படகு இறக்க ஒரு சரிவு கட்டியிருக்கிறார்கள். டிரெயிலரை ரிவர்ஸில் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெயிலர் வலது பக்கம் போகும். அங்கே எத்தனையோ தம்பதிகளுக்குள் பேச்சுவார்த்தை முறிவதை அன்று ஒரு மணி நேரத்தில் பார்த்தேன்.

அத்தான் உடனே இறக்கவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்து, சாஸ்திரிகள் சங்கல்பம் சொல்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். "டிரெயின் பிளக்!" என்றார். அக்கா குனிந்து பார்த்து "இருக்கு" என்றாள். படகின் பின்புறம் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே தேங்கும் தண்ணீர் வடிவதற்கு. இறக்குவதற்கு முன்னால் அதைத் திருகி அடைக்க வேண்டும். மறந்தால், வெளியே போக வேண்டிய வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும்!

"இதையெல்லாமா மறப்பாங்க?" என்று நான் சிரித்து முடிப்பதற்குள் பக்கத்துச் சரிவில் ஒரே கூச்சல். புத்தம்புது படகு ஒன்று பின்பக்கமாக உட்கார்ந்துகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் பிளக்கைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். சில டாலர் சாமான்!

அட்டை வாசிப்பு தொடர்ந்தது. தீயணைப்புச் சிலிண்டர், ஆங்கர், விசில், ரேடியோ. ஆபத்து என்றால் ரேடியோவில் 16-ஆம் சேனலில் 'மேடே' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். பெட்ரோலுக்கு ஒரு கணக்கு: டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடவே கூடாது. (நம் மிடில் கிளாஸ் குடும்பங்களுக்குச் சம்பளத்திலேயே அந்த மூன்றாவது பங்கு நிற்பதில்லை.) எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அக்கா தன் சிநேகிதிக்குப் போன் செய்தாள்: "ரெண்டு மணிக்குள்ள போன் வரலைன்னா நீ சும்மா இருக்காதே." ஜூன் மாத மத்தியானங்களில் அங்கே இடி மின்னல் சொல்லாமல் வரும். அதனால்தான் அந்த இரண்டு மணி.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். முட்டுக்காட்டில் எத்தனை பேர் அதைப் போட்டோவுக்குத் தோதில்லை என்று கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார்கள்! 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கட்டாயம் அணிய வேண்டும் என்பது ஃப்ளோரிடா சட்டம். பெரியவர்களுக்கு, ஆளுக்கு ஒன்று படகில் இருந்தால் போதும்.

"அப்ப எனக்கு வேண்டாமே, வேர்க்குது" என்றேன்.

அத்தான் கணக்காளனிடம் கணக்கையே எடுத்து வீசினார். "2023-ல இந்த நாட்டுல உல்லாசப் படகு விபத்துகள்ல 564 பேர் போயிட்டாங்க. முக்கால்வாசிப் பேர் தண்ணியில மூழ்கித்தான். அதுல ஜாக்கெட் விவரம் தெரிஞ்சவங்கள்ல நூத்துக்கு 87 பேர் போடலை. நீ அந்த 87-ஆ, பாக்கி 13-ஆ?"

மறுபேச்சு பேசாமல் மாட்டிக்கொண்டேன். விழுந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்பது, பஸ் மோதிய பிறகு ஹெல்மெட் வாங்கலாம் என்பது மாதிரி!

"இன்னொண்ணு, தண்ணியில போறப்ப தண்ணி கூடாது" என்றார். படகு ஓட்டுகிறவருக்கும் கார் ஓட்டுகிறவருக்கு உள்ள அதே 0.08 சதவிகிதம்தான் அங்கே எல்லை. அத்தான் கட்சி: பூஜ்யம்.

ஒருவழியாக மீனாட்சி தண்ணீரில் மிதந்தாள். பிஸ்கேன் விரிகுடாவின் அழகை என்னவென்று சொல்ல! ஒரு பக்கம் மயாமியின் கண்ணாடி மாளிகைகள். மறுபக்கம் தென்னையும் சதுப்புக் காடும். தண்ணீரோ பச்சை, நீலம், பழுப்பு என்று ஜவுளிக்கடையில் பிரித்துப் போட்ட சேலைகள் மாதிரி. ஆனால் அத்தான் அதை ரசிக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தார். "நீலம்னா ஆழம். பழுப்பா தெரிஞ்சா அடியில கடல்புல், முழங்கால் தண்ணிதான் இருக்கும். அதுல ஓட்டினா புல்லும் போச்சு, புரொப்பெல்லரும் போச்சு."

வழியில் சிவப்பு, பச்சை அடையாளங்கள் நிற்கின்றன. கடலிலிருந்து கரைக்குத் திரும்பும்போது சிவப்பு வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். நம் இந்தியத் துறைமுகங்களில் இதுவே இடது பக்கம்! அமெரிக்காக்காரன் சாலையில்தான் நமக்கு எதிர்ப்பக்கம் போகிறான் என்றால் கடலிலுமா? ஆனால் ஒன்று, இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தால் உலகம் பூராவும் ஒரே விதிதான்: இரண்டுமே வலது பக்கம் ஒதுங்க வேண்டும். அதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும். ஏனென்றால் படகுக்கு பிரேக் கிடையாது!

எனக்கு வயிற்றைக் கலக்கிய செய்தி அதுதான். வேகத்தைக் குறைக்கலாம், ரிவர்ஸ் போடலாம். ஆனால் மிதித்தால் நிற்கிற சமாசாரம் எதுவும் கிடையாது.

'மெதுவாகப் போ, அலை எழுப்பாதே' என்று தண்ணீரிலேயே ஒரு போர்டு. மேனட்டி என்கிற கடல் பசுக்களுக்காக. நம் பாக் விரிகுடாவில் இருக்கும் ஆவுளியாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பெரிய பூசணிக்காய்க்கு மூக்கு வைத்த மாதிரி ஒன்று மூச்சுவிட மேலே வந்தது. முதுகில் வரிவரியாகத் தழும்பு. எல்லாம் படகுகளின் புரொப்பெல்லர் கிழித்தது. "ஐயோ பாவம்!" என்று நானும் மருமகனும் ஒரே பக்கமாகப் பாய்ந்தோம், அக்காவும் எழுந்தாள், படகு சாய்ந்தது.

"உட்காருங்க எல்லாரும்!" அத்தான் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தேக்கடி ஞாபகம் இருக்கா? 2009. மிருகத்தைப் பார்க்கணும்னு எல்லாரும் ஒரே பக்கம் போயிருக்காங்க. 45 பேர்..."

மருமகன்கூட நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

1825-இல் கட்டிய கேப் ஃப்ளோரிடா கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும், கடலுக்கு நடுவே கால் ஊன்றி நிற்கின்றன சில வீடுகள். ஸ்டில்ட்ஸ்வில் என்று பெயர். 1930-களில் ஆரம்பித்து 1960-இல் 27 வீடுகள் இருந்தனவாம். 1992-இல் வந்த ஆண்ட்ரூ புயலுக்குத் தப்பியவை ஏழு. 2021-இல் ஒன்று தீயில் போக, மிச்சம் ஆறு. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தீயில் போயிருக்கிறது, பாருங்கள்! அங்கே நிறுத்தி அக்காவின் புளியோதரையைச் சாப்பிட்டோம். 650 டாலரில் எனக்கு முழுசாக ஜீரணமான பகுதி அதுதான்.

திரும்பும்போதுதான் அத்தான், "வா மாப்ளே, ஓட்டு" என்றார். சட்டப்படி அவர் பக்கத்திலேயே பொறுப்பாக நிற்க வேண்டும், நின்றார். சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு. ஒரு நுனி ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்சில், மறு நுனியை என் ஜாக்கெட்டில் கொக்கி போட்டு மாட்டினார்.

"என்ன அத்தான், ஆட்டுக்குட்டியைக் கட்டற மாதிரி?"

"26 அடிக்குக் குறைஞ்ச படகுல வேகமாப் போறப்ப இதை மாட்டணும்னு 2021 ஏப்ரல்லேர்ந்து சட்டம். ஓட்டறவன் விழுந்தா கயிறு பிடுங்கிக்கும், எஞ்சின் நின்னுடும்."

பத்து நிமிஷம் ராஜாவாக ஓட்டினேன். காற்று, வெயில், கைக்குள் 150 குதிரைகள்! அப்போது மாளிகை மாதிரி ஒரு படகு எதிர்ப்பக்கம் கடந்து போனது. அது போய்விட்டது; அது கிளப்பிய அலை போகவில்லை. வேகத்தைக் குறைத்து, அலையைச் சற்றே சாய்வாக முன்பக்கத்தால் ஏற வேண்டுமாம். நான் பயத்தில் எழுந்து நின்று, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினேன். அடுத்த வினாடி மீனாட்சியின் தரையில் மல்லாந்து கிடந்தேன்.

ஒரே நிசப்தம். எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. சிவப்புக் கயிறு என் மார்பில் கிடந்தது.

மருமகன் கைதட்டிச் சிரித்தான். அத்தான் சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வாங்கின முதல் வருஷம், நானும் ஆபீஸ் நண்பரும் வந்தோம். சும்மா கிட்டக்கதானேன்னு இதை மாட்டலை. ஒரு திருப்பத்துல நான் வெளியே விழுந்துட்டேன். ஆள் இல்லாத படகு நேரா போகாது, வட்டம் போடும். திரும்பி என்னை நோக்கியே வந்துச்சு. அந்த ஃபிரெண்டு பாய்ஞ்சு நிறுத்தினப்ப, புரொப்பெல்லர் எனக்கு எட்டடி தூரத்துல..."

இது அக்காவுக்கு அன்றுதான் தெரியும். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. வாய் ஓயாத என் அக்கா கரை வரும்வரை பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். 'முதுகில் வரிவரியாகத் தழும்பு' கண்ணுக்குள் வந்து வந்து போனது.

கரையேறிய பிறகும் வேலை முடியவில்லை. உப்புத் தண்ணீர் குடித்த மோட்டாருக்குக் காது மாதிரி இரண்டு ரப்பர் மூடி மாட்டி, ஹோஸ் வழியாக நல்ல தண்ணீர் ஓட விட்டு உள்ளே கழுவ வேண்டும். நூறு மணி நேரம் ஓடினால், அல்லது வருஷம் ஒரு தடவை, ஆயில் மாற்ற வேண்டும். எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் காய்ந்து உடையும் முன் மாற்ற வேண்டும். மோட்டாரின் அடியில் துத்தநாகத்திலோ அலுமினியத்திலோ சின்னக் கட்டிகள் பொருத்தியிருக்கிறார்கள். கடல் உப்பு அரிக்க வரும்போது அவை தங்களைத் தின்னக் கொடுத்து மோட்டாரைக் காப்பாற்றுகின்றன. பாதி தேய்ந்ததும் புதிது போட வேண்டும். வீட்டுக்கு ஓர் அப்பா இருப்பது மாதிரி! சர்வீஸைப் பாதியாகக் குறைக்கச் சொன்னவன், ஹோஸைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"அந்தக் கயிறு என்ன விலை?"

"இருபது டாலர் இருக்கும்."

"இன்னொண்ணு வாங்குங்க. நீங்க கயிறோட விழுந்துட்டா, நாங்க எதைச் செருகி எஞ்சினைக் கிளப்பறது?" ஒரு நிமிஷம் நிறுத்தினாள். "எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க. திரும்பி வந்து உங்களைத் தூக்கறதுக்குப் படகுல ஒரு ஆள் வேணாமா?"

ஃப்ளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பத்துக் குதிரை சக்தியோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்ட, பாதுகாப்புப் பாடம் படித்துப் பரீட்சை எழுதி அட்டை வாங்க வேண்டும். அத்தான் அதற்கு முன்னால் பிறந்தவர். சட்டத்தின் பார்வையில் பிறவி மாலுமி! அக்கா பின்னால் பிறந்தவள். நான் ஊர் திரும்புவதற்குள் படித்துப் பாஸ் செய்துவிட்டாள். இப்போது அத்தான் கயிற்றை மாட்ட மறந்தால், தப்பு எத்தனாம் பாடத்தில் வருகிறது என்று சொல்கிறாளாம்.

என் கணக்குப் பேப்பரில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: 'சிவப்புக் கயிறு, இரண்டு: 40 டாலர்.'

அதற்கு மட்டும் தேய்மானம் போடவில்லை.