கல் அடித்த புள்ளிக்கு முழு பானட் பெயின்ட் எதுக்கு?

கார் வைத்திருப்பவர்களுக்கும், கார் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு நீளமான இழை. பொறுமையா படிங்க.

"டாக்டருக்கும் கார் பெயின்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு. போகப் போகப் புரியும்.

என்னுடையது ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க ஜல்லி லாரி, எம்-சாண்ட் லாரி. டயரில் இருந்து ஒரு சின்னக் கல் தெறித்தால் போதும். "டக்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பானட் விளிம்பில் மிளகு அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கும். 2 வருடத்தில் இப்படி 11 புள்ளிகள்.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "சார், முழு பானட்டும் அடிச்சிடலாம், இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இந்த இழை.

கார் பெயின்ட் ஒரே பூச்சு கிடையாது. நம் தோல் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கும்.

இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புப் பூச்சு. தொழிற்சாலையில் முழு பாடியையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி இதை ஏற்றுகிறார்கள். அதன் மேல் பிரைமர். அதன் மேல் கலர். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட்.

இத்தனையும் சேர்த்து மொத்தத் தடிமன் ஏறக்குறைய 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். நம் உடம்பின் பெரும்பாலான இடங்களில் மேல்தோல் இருக்கும் தடிமனுக்குப் பக்கத்தில் வரும்!

தோலில் காயம் பட்டால் உடம்பே ஆற்றிக்கொள்ளும். காருக்கு அந்த வசதி இல்லை. இரும்பு வெளியே தெரிந்தால் காற்றும் ஈரமும் சேர்ந்து துரு ஆரம்பிக்கும். துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அதனால் சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டையும் அடியில் இருந்து தூக்கி, கொப்புளம் மாதிரி எழுப்பும். வெளியே மிளகு அளவு, உள்ளே நெல்லிக்காய் அளவு. நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஆகவே எந்தப் புள்ளியை உடனே கவனிக்கணும், எதை விடலாம் என்று பிரிக்கணும். ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்வதும் அதைத்தான்.

கீறல் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்க. நகம் தட்டவில்லையா? கிளியர் கோட் கீறல் மட்டும்தான். பாலிஷ் போதும்.

நகம் தட்டுகிறது, உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிகிறது என்றால் பிரைமர் வரை போயிருக்கு. சில வாரத்துக்குள் மூடினால் நல்லது.

பளபளவென்று தகடு தெரிந்தாலோ, பழுப்பு நிறம் வந்திருந்தாலோ இந்த ஞாயிற்றுக்கிழமையே வேலையை ஆரம்பிங்க.

பம்பரில் புள்ளியா? பெரும்பாலான கார்களில் பம்பர் பிளாஸ்டிக். துருப் பிடிக்காது. அழகுப் பிரச்சினை மட்டும்தான். தூக்கம் கெட வேண்டாம்.

சரி, எப்படி மூடுவது?

காரின் கலர் கோட் கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். "வெள்ளை" என்று மட்டும் சொல்லி வாங்காதீங்க. வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. கோட் சொல்லி டச்சப் பாட்டில் அல்லது பேனா வாங்குங்க. கூடவே கொஞ்சம் பிரைமரும் கிளியர் கோட்டும்.

நிழலில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய விடுங்க. மழை நாளில் வேண்டாம். ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் பூக்கும்.

துரு இருந்தால் நைஸ் வாட்டர் பேப்பரை ஒரு குச்சி நுனியில் ஒட்டி, அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்க. பளிச்சென்று இரும்பு தெரியணும். சீழை உள்ளே வைத்து மேலே தையல் போட மாட்டோம். துருவை உள்ளே வைத்து மேலே பெயின்ட் வைப்பதும் அதே கதைதான்.

பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்க. வீட்டில் மீந்து கிடக்கும் கொரோனா காலத்து சானிடைசர் வேண்டாம். பல சானிடைசர்களில் கிளிசரின் இருக்கும். அது படிந்தால் பெயின்ட் ஒட்டாது.

இரும்பு தெரிந்தால் முதலில் ஒரு சொட்டு பிரைமர். காய்ந்ததும் கலர். பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமனாக இருக்கும், சுற்றிலும் அப்பிவிடும். பல் குத்தும் குச்சி நுனியில் தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் ஒரு சொட்டு விடுங்க. அரை மணி நேரம் காய விட்டு இன்னொரு சொட்டு. ஒரே தடவையில் நிரப்பினால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரம் நிற்கும். மெல்லிசாக 3, 4 தடவை வைத்து, கடைசியாகக் கிளியர் கோட். ஒரு வாரம் அந்த இடத்தில் ஷாம்புவும் வேண்டாம், பிரஷர் வாஷும் வேண்டாம்.

கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். மெட்டாலிக், பேர்ல் கலர் என்றால் இன்னும் கொஞ்சம் தெரியும். தெரியட்டுமே! தழும்பு தெரியுது என்பதற்காக ஆறின புண்ணை ஆறவில்லை என்று சொல்வோமா? துரு நின்றுவிட்டது. அதுதான் சிகிச்சை.

"இவ்வளவு எதுக்கு, முழுசா அடிச்சா புதுசு மாதிரி ஆயிடுமே?" என்று கேட்பீர்கள்.

காரணம் ஒன்று, காசு. இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடாமல் இருந்தால் முதல் வருடம் 20%, தொடர்ந்து 5 வருடம் போடாமல் இருந்தால் 50% வரை ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி. புள்ளிகளுக்காக ஒரு க்ளெய்ம் போட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடும்.

காரணம் இரண்டு, தொழிற்சாலைப் பெயின்ட். அங்கே 140 டிகிரி சூட்டில் வேக வைக்கிறார்கள். எல்லாம் பூட்டிய காரை எந்தப் பட்டறையிலும் அப்படி வேக வைக்க முடியாது. விற்கும்போது தடிமன் மீட்டர் வைத்துப் பார்ப்பவர், "அடிபட்ட வண்டியா?" என்றும் கேட்பார்.

காரணம் மூன்று. நான் இந்த இழையை எழுதுவதே இதற்காகத்தான்.

டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் ஒரு அண்ணன் என் ஓபிக்கு வந்தார். 40 வயது இருக்கும். பீடி சிகரெட் இல்லை. ராத்திரியில் இருமல், இழுப்பு. பல இடங்களில் சிரப் வாங்கிக் குடித்திருக்கிறார். "ஞாயித்துக்கிழமை எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன். "லீவு நாள்ல நல்லாருக்கு சார். ஊருக்குப் போயி நாலு நாள் இருந்தா சுத்தமா இல்ல" என்றார்.

அந்த ஒரு பதிலில் பாதி நோய் தெரிந்துவிட்டது.

இன்று பட்டறைகளில் அடிக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் டூ-கே வகை. அதில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கு. 1984-ல் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். இது அதே குடும்பம், ஆனால் அது இல்லை. அவ்வளவு எளிதில் ஆவியாகாது. பயப்பட வேண்டாம், காய்ந்த பெயின்ட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது.

ஆபத்து, ஸ்ப்ரே கன்னில் பனி மாதிரி பறக்கும்போதுதான். அதை சுவாசித்துக்கொண்டே இருந்தால் சிலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடங்கள் கழித்து ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்குப் பழுதாகிவிட்டால், அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். மூக்கில் வாடை தெரிவதற்கு முன்பே உடம்புக்குள் போய்விடும். தோல் வழியாகவும் பாதிக்கும்.

அந்த அண்ணன் கட்டியிருந்தது ஈரக் கர்ச்சீப். கர்ச்சீப், சர்ஜிகல் மாஸ்க் இரண்டும் இதற்குப் பிரயோஜனம் இல்லை. என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. சரியானது தனியாக நல்ல காற்று வரும் மாஸ்க். அது முடியாத இடத்தில் குறைந்தபட்சம் ஆவி, துகள் இரண்டையும் பிடிக்கும் கேட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி, காற்றை வெளியே இழுக்கும் ஃபேன்.

அவர் இப்போது ஸ்ப்ரே அடிப்பதில்லை. டிங்கரிங், பாலிஷ் மட்டும். மற்றவர் அடிக்கும்போது பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுகிறார். இன்ஹேலர் எங்கள் ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கிக்கொள்கிறார். இருமல் குறைந்திருக்கு. தினக் கூலியும் குறைந்திருக்கு. அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.

மேலே சொன்ன பல் குத்தும் குச்சி வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

கார் வைத்திருப்பவர்களுக்கு: மிளகு அளவு புள்ளிக்கு டச்சப் போதும். நீங்கள் வைக்கும் சொட்டில் பனி பறக்காது, ஆனாலும் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க. ஹார்ட்னர் கலந்த டூ-கே ஸ்ப்ரே டப்பாவை ஆன்லைனில் வாங்கி போர்டிகோவில் அடிக்காதீங்க. பெரிய அடி என்றால் பட்டறைக்குத்தான் போகணும். அப்போது ரேட் பேசும் முன்னால், "அடிக்கிறவருக்கு கேட்ரிட்ஜ் மாஸ்க் இருக்காண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. நாலு கஸ்டமர் கேட்டால் ஐந்தாவது கஸ்டமர் வரும்முன் முதலாளி வாங்கிவிடுவார்.

பெயின்டர் அண்ணன்களுக்கு: வேலை நாளில் இருமல், நெஞ்சு இறுக்கம், லீவு நாளில் நிம்மதி என்றால் "தூசி ஒத்துக்கல" என்று விடாதீங்க. அரசு மருத்துவமனைக்கு வாங்க. உள்ளே வந்ததும் முதல் வார்த்தையாக "நான் ஸ்ப்ரே பெயின்டர்" என்று சொல்லுங்க. சீக்கிரம் வந்தால் நுரையீரலைக் காப்பாற்றலாம்.

பட்டறையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்க.