யாரும் திரும்பிப் பார்க்காத தெரு

டொராண்டோவில் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று எழுதப் புகுந்தால் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நவம்பரில் உடம்பில் ஏறும் கோட்டு ஏப்ரலில்தான் இறங்குகிறது. பட்டோ, கிழிசல் ஜீன்ஸோ, ஆஸ்பத்திரிச் சீருடையோ, எதுவானாலும் ஐந்து மாதம் அதற்கு உள்ளேதான் வாசம். பிப்ரவரி மாதக் காலையில் ப்ளூர்-யங் நிலையத்தில் ரயில் மாறும் கூட்டத்தைப் பார்த்தால் கறுப்பும் சாம்பலும்தான் கண்ணில் படும். நாலு நாள் பழகிய பிறகு வித்தியாசம் பிடிபடும்: கழுத்தைச் சுற்றிய துண்டின் நிறம், 'டூக்' என்று அவர்கள் சொல்லும் கம்பளிக் குல்லாய், பூட்ஸின் குதிகால். கையின் மேற்புறத்தில் வட்டச் சின்னம் தைத்திருந்தால் அது கனடா கூஸ். 1957இல் இதே ஊரில் சிறிய அளவில் தொடங்கிய கம்பெனி. இன்று அதன் கோட்டு ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. அந்தச் சின்னம் தெரியும்படி ரயில் கம்பியைப் பிடித்து நிற்பது ஒரு கலை. கோட்டு எல்லோரையும் ஒன்றாக்கிவிடும் என்று அங்கே சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றாக்குவது உப்புதான். பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பு பூட்ஸின் தோலில் ஏறி வெள்ளைக் கோடாகக் காய்ந்து நிற்கும். வங்கி மேலாளரின் காலிலும் வங்கியைக் கூட்டிப் பெருக்குகிறவரின் காலிலும் அதே கோடு.

ஓர் ஆய்வு வேலையாகக் குளிர்காலத்தின் நடுவில் போய்க் கோடை தொடங்கும்வரை அங்கே இருந்தேன். ஸ்கார்பரோவில் ஓர் ஈழத்தமிழ் வீட்டின் பேஸ்மெண்டில் வாடகைக்கு. (ஊரின் பெயரை அவர்கள் ரொறன்ரோ என்றுதான் எழுதுவார்கள், நான் என் பழக்கத்தை விடவில்லை.) வீட்டுக்கார அக்கா முதல் நாளே என் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பிள்ளை, இதோடை வெளிக்கிட்டா பஸ் ஸ்ரொப்பிலையே விறைச்சுப் போவியள்" என்று மகளின் பழைய கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊதா நிறம். நான்கு மாதம் அதுதான் என் வீடு.

அந்தக் கோட்டோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பனி கொட்டிய சனிக்கிழமை. பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, உள்ளே கம்பளிக் காலுறை, மேலே கோட்டு, காலில் பனி பூட்ஸ், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் குதிகால் செருப்பு. இதுதான் முறை என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். மண்டபத்தின் முன்கூடத்தில் நாற்பது ஐம்பது பெண்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பூட்ஸைக் கழற்றினார்கள். ஒரு பாட்டி பேத்தியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருகல் அவிழ்ந்து கொசுவம் தரைக்கு இறங்கியதும் ஆளே மாறிப் போனார்கள். சுவரோரமாக உப்புப் படிந்த பூட்ஸ்களின் வரிசை. இந்த நகரத்தின் தெரு நாகரிகத்தைப் படம் எடுப்பவர்கள் குவீன் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒரு முறை இந்த முன்கூடத்துக்கும் வரலாம்.

என்னிடம் வேறொரு கோட்டும் உண்டு. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பெண் ஆசிரியர்கள் புடவைக்கு மேல் ஓவர்கோட் அணிய வேண்டும். நீல நிறம், முழங்கால்வரை, முன்பக்கம் ஐந்து பொத்தான். ஏப்ரல் மாத மதியத்தில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுற்றும் அறையில், எழுபது பேருக்கு முன்னால் நின்று அகத்திணை நடத்தும்போது அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காரணம் எழுத்தில் எங்கும் இல்லை. வாய்மொழியாகச் சொன்னார்கள்: மாணவர்களின் கவனம் சிதறக் கூடாது. ஆண் ஆசிரியர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் முதுகைப் பார்த்து யாருடைய கவனமும் சிதறாது என்பதை நிர்வாகம் எப்படியோ உறுதி செய்துகொண்டிருக்கிறது. தலைவியின் மேனி பசந்ததையும் வளை நெகிழ்ந்ததையும் விளக்க வேண்டியவள் நான். அதை ஓவர்கோட்டுக்குள் நின்றுதான் விளக்க வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளாக விளக்குகிறேன். ஸ்கார்பரோவில் ஊதாக் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்த முதல் வாரம் முழுக்க எனக்கு அந்த நீலக் கோட்டுதான் நினைவுக்கு வந்தது. இது காற்றைத் தடுக்கத் தைத்தது. அது யாரோ ஒருவரின் கண்ணைத் தடுக்கத் தைத்தது. சுமப்பவர் மட்டும் இரண்டிலும் நான்தான்.

இந்தத் தர்க்கம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. 2011 ஜனவரி 24 அன்று டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் மாணவர் பாதுகாப்பு பற்றிப் பேச வந்த ஒரு போலீஸ்காரர், பலியாகாமல் இருக்க வேண்டுமென்றால் பெண்கள் வேசிகளைப்போல உடுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேட எனக்குச் சிரமமே இருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் மொழிக்குச் சொற்பஞ்சம் வந்ததில்லை. அவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் பெண்கள் அதோடு விடவில்லை. ஏப்ரல் 3 அன்று குவீன்ஸ் பார்க்கில் ஆயிரக்கணக்கில் திரண்டு காலேஜ் தெருவிலுள்ள போலீஸ் தலைமையகம்வரை நடந்தார்கள். அந்தச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு 'ஸ்லட்வாக்' என்றார்கள். அரைகுறை ஆடை ஊர்வலம் என்று அப்போது நம் பத்திரிகைகளைப் படித்த பலர் எண்ணிக்கொண்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஜீன்ஸும் ஜாக்கெட்டும் போட்டிருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்து டொராண்டோவில் வேறென்ன போட முடியும்? எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். அன்றாடம் உடுத்துவதை உடுத்திக்கொண்டு வந்து, இதற்குத்தான் எங்களைக் குற்றம் சொன்னீர்களா என்று நின்றார்கள்.

அதே ஆண்டு டெல்லியிலும் போபாலிலும் நடந்தது. அதே ஆண்டுதான் அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள்: அடிமை முறையின் காலம்தொட்டு எங்கள் உடல்மேல் ஒட்டப்பட்ட அந்தச் சொல்லை நாங்கள் விளையாட்டாகக்கூட எடுத்து அணிந்துகொள்ள முடியாது என்பது அதன் சாரம். நான் அந்தக் கடிதத்தின் பக்கம். ஊர்வலத்தின் பக்கமும்தான். ஒரு வசவை அணிந்து கழற்றுவதற்கும் வசதி வேண்டியிருக்கிறது.

மே மாதத்தில் கோட்டுகள் இறங்கின. குவீன் தெரு மேற்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். மொட்டையடித்த தலையும் தாத்தா காலத்துக் கோட்டுமாக ஓர் இளம்பெண். பச்சைச் சாயம் பூசிய முடியோடு எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். பாவாடை கட்டிய ஆண் ஒருவர், கையில் காப்பி. ஜிமிக்கியும் மூக்குத்தியும் கிழிந்த ஜீன்ஸுமாக, தமிழ்ப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், ஒருத்தி. நான் சுங்குடிப் புடவைக்கு ஓட்டக்காரர்களின் ஷூ போட்டிருந்தேன். ஊரில் இதைப் போட்டுத் தெருமுனைவரைகூடப் போயிருக்க மாட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. டிராமில் எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் புத்தகத்துக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது: இவ்வளவு நேரத்தில் நான் ஒரு தடவைகூட முந்தானையை இழுத்துவிடவில்லை. பஸ்ஸில், வகுப்பில், கோயிலில், வங்கி வரிசையில் என் வலது கை என்னைக் கேட்காமல் செய்கிற வேலை அது. கை சும்மா தொங்கியது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஊர் திரும்பிய பிறகு துறைகள் முழுவதிலும் பதினோரு பெண்கள் கையெழுத்திட்டு ஓவர்கோட் வேண்டாம் என்று கடிதம் கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறதாம்.

குவீன் தெருவிலிருந்து சற்று வடக்கே கென்சிங்டன் மார்க்கெட். நூறு வருடத்துக்கு முன்னால் யூதக் குடியேறிகள் தள்ளுவண்டி போட்ட இடம். இப்போது பழந்துணிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 'கரேஜ் மை லவ்' என்றொரு கடை 1970களிலிருந்து அங்கே. துணிந்து நில் கண்ணே என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். யாரோ இறந்துபோனவரின் சட்டையை, யாரோ ஒருத்தியின் நடனப் பாவாடையை இளையவர்கள் ஆசையாக எடுத்து மார்பில் வைத்துக் கண்ணாடி பார்க்கிறார்கள். என்னால் ஒரு பட்டுச் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. என் அம்மாவின் சிறுவயதில் ஆண்டை வீட்டுப் பழம்புடவைதான் தீபாவளிக்கு வரும். எந்தப் புடவை யார் வீட்டுடையது என்று தெருவுக்கே தெரியும். அம்மா முதல் சம்பளத்தில் புது வாயில் புடவை வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் பிறர் உடுத்திய துணி ஏறக் கூடாது என்பது சட்டம். பழசு அழகாவதற்குப் புதுசு வாங்க முடிந்தவர்களின் நடுவில் அது இருக்க வேண்டும்போல. அக்கா கொடுத்த ஊதாக் கோட்டு மட்டும் எனக்கு உறுத்தவில்லை. விறைத்துப் போவாயே என்று கொடுத்தது அது.

அங்கிருந்து ஸ்பதைனா சாலை வழியே தெற்கே இறங்கினால், ரிச்மண்ட் தெரு முனையில் பெரிய பொத்தான்களை அடுக்கி அதன்மேல் ஓர் அங்குஸ்தானைக் கவிழ்த்த சிற்பம் நிற்கிறது. தையற்காரர்கள் விரலில் மாட்டுவார்களே, அந்த அங்குஸ்தான். நகரத்தின் துணி ஆலைகள் இந்தச் சாலையில்தான் இருந்தன. 1931 பிப்ரவரியில் உடை தைக்கும் பெண்கள் இங்கே வேலைநிறுத்தம் செய்து குளிரில் மறியலுக்கு நின்றார்கள். தோற்றார்கள். 1934இல் ஈட்டன்ஸ் ஆலையில் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை எதிர்த்த தையல் பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் என்ன கோட்டு போட்டிருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்த அங்குஸ்தானைச் சுற்றி வந்தேன். இப்போது அந்தக் கட்டடங்களில் அலுவலகங்களும் அடுக்கு வீடுகளும். தையல் வேறு தேசங்களுக்குப் போய்விட்டது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபோது, இடிபாட்டுக்குள் இந்த நாட்டின் ஜோ ஃப்ரெஷ் துணிகளும் கிடந்தன. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

யாரும் திரும்பிப் பார்க்காத தெரு என்று நான் மகிழ்ந்ததற்கும் ஒரு எல்லை இருக்கிறது. டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் வாழ்ந்த ஸுனேரா இஷாக் நிகாப் அணிபவர். குடியுரிமை உறுதிமொழி எடுக்கும்போது முகத்திரையை அகற்ற வேண்டும் என்று 2011 இறுதியில் அரசு விதி கொண்டுவந்தது. அடையாளம் சரிபார்க்க ஒரு பெண் அதிகாரியிடம் தனியாக முகம் காட்டத் தயார், எல்லோர் முன்னும் முடியாது என்றார் அவர். நீதிமன்றம் போய் வென்றார். 2015 அக்டோபர் 9 அன்று நிகாபுடனேயே உறுதிமொழி எடுத்தார். பத்து நாளில் நடக்கவிருந்த பொதுத் தேர்தலில் அந்த ஒரு முழம் துணியைப் பற்றி அத்தனை கட்சிகளும் பேசின. பச்சை முடியைப் பார்க்காத கண்கள் அதை மட்டும் பார்த்தன. எனக்கு நிகாபில் உடன்பாடில்லை. போடு என்பதும் கழற்று என்பதும் ஒரே குரலில் வருவதைக் கேட்க முடிந்ததால் அந்த வழக்கில் அவர் பக்கம் நின்றேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991இல் வந்தவர். முதலில் ஒரு ஆலையில் வேலை. நெற்றியில் என்ன காயமா என்று மேற்பார்வையாளர் தினமும் கேட்டதால் பொட்டை எடுத்துவிட்டார். வேலைக்கு எடுத்தார், வீட்டில் வைத்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் கணவர் போனார். வீட்டிலும் எடுத்துவிட்டார். இப்போது நகர நடுவே ஓர் அலுவலகக் கோபுரத்தில் மாலைநேரச் சுத்திகரிப்பு வேலை. ஒருநாள் கென்னடி நிலையத்திலிருந்து அவரோடு ரயிலில் போனேன். வார்டன், விக்டோரியா பார்க்வரை வெளிச்சம். அதன்பிறகு ரயில் சுரங்கத்துக்குள் நுழையும், ஜன்னல் கண்ணாடியாகிவிடும். அக்கா கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். உறையின் உட்புறத்தில் மிளகளவில் ஓர் ஒட்டுப்பொட்டு. அதை எடுத்து, ஜன்னலைப் பார்த்து, இரு புருவத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஹோலிலை எல்லாரும் பாப்பினம். கோயிலிலை பாப்பினம். இஞ்சை ஆர் பாக்கினம்? நான் கூட்டிற ஒஃபிசிலை என்ரை முகத்தையே ஒருத்தரும் பாத்ததில்லை."

திரும்பும்போது அதே சுரங்கத்தில் எடுத்து உறைக்குள் ஒட்டிவிடுவாராம். ஒரு பொட்டு நாலைந்து நாள் வரும், பிறகு பசை போய்விடும். ஸ்கார்பரோத் தமிழ்க் கடையில் வாங்க முடியாது; கல்லாவில் இருப்பவர் தெரிந்தவர்.

புறப்பட்ட அன்று ஊதாக் கோட்டை மடித்துக் கொடுத்தேன். அக்கா விமான நிலையம்வரை வந்தார். "பிள்ளை, பாசல் அனுப்பேக்கை புத்தகத்துக்கு நடுவிலை வைச்சு அனுப்புங்கோ. கறுப்பு வேண்டாம், மரூன். சின்னன்."

ஆறு அட்டை அனுப்பினேன். அடுத்த தடவை கொஞ்சம் பெரிதாக அனுப்பச் சொல்லியிருக்கிறார்.