ரெண்டாவது வடை

மயிலாப்பூரில் ஒரு மெதுவடைக்குக் கடன் வைத்துவிட்டு வந்தேன். 15 ரூபாய்க் கடன். அது என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்த மெஸ் இருக்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினொன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். பில் கிடையாது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கல்லாவில் போய், என்ன சாப்பிட்டோம் என்று நாமே சொல்ல வேண்டும். கல்லாக்காரர் மனக்கணக்காகக் கூட்டித் தொகையைச் சொல்வார். பாளையங்கோட்டையில் டீக்கடைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். மெட்ராஸில் எதிர்பார்க்கவில்லை. மெட்ராஸ் என்றால் பையை மடியில் வைத்துக்கொள் என்று சொல்லியே எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை ரயிலேற்றுவார்கள். எனக்கு 61 வயதாகிறது. அந்தப் பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மார்கழி மாதம். எதிரே உட்கார்ந்தவர் முந்தின நாள் கச்சேரியில் கேட்ட தோடியைப் பற்றி, இலையில் பொங்கல் ஆறுவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். நானும் அதில் இறங்கிவிட்டேன். சப்ளையர் வடைத் தட்டோடு வந்து “வைக்கட்டா சார்?” என்றார். தலையசைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி தலையசைத்திருக்கிறேன். கல்லாவில் “பொங்கல், வடை, காபி” என்றேன். காசு கொடுத்தேன். திரும்பி வந்து சப்ளையர் கையில் 20 ரூபாய் வைத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தார். தாராளமாக நடந்துகொண்டோம் என்ற நிறைவோடு வெளியே வந்தேன்.

லஸ் முனையில் ஆட்டோ. அடையாறு சாஸ்திரி நகருக்கு 150 ரூபாய் கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றேன். “போடறேன், மேல எவ்ளோ குடுப்ப?” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த கட்டணம் எனக்கு மனப்பாடம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு 64 ரூபாய்கூட வராது. “இது பகல் கொள்ளை” என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. “அந்த ரேட்டுல நீயே ஓட்டு சார்” என்றார். கடைசியில் 120க்கு வந்தார். வழி முழுக்க இருவரும் பேசவில்லை.

ராத்திரி மைத்துனர் வீட்டு மொட்டைமாடியில் மனைவியிடம் இந்தச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். பொங்கல், ரெண்டு வடை என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருஷம் டெக்சாஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். முதல் வாரம் ஒரு ஓட்டலில், பில்லுக்குக் கீழே 18, 20, 22 என்று சதவீதங்கள் அச்சடித்திருந்தன. சாப்பாட்டுக்குக் கொடுத்த பிறகு இது எதற்கு என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். மகள் அதை எடுத்தாள். “அப்பா, பரிமாறற அந்தப் பொண்ணுக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தாப் போதும். மிச்சம் நம்ம கையிலதான் இருக்கு” என்றாள். அந்த நாட்டு மத்தியச் சட்டம் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு 1991இல் வைத்த தொகை அது. இன்றுவரை அங்கேயே நிற்கிறது. டிப்ஸையும் சேர்த்து 7 டாலர் 25 சென்ட் வராவிட்டால் குறைவதை முதலாளி கட்ட வேண்டும். என் மகள் பிறந்ததே 1993இல். அவள் பிறக்கும் முன் போட்ட கூலிக்கு அந்தப் பெண் அன்று எங்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதைக் கேட்டு அன்று உண்மையாகவே கொதித்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் பல பேரிடம் சொன்னேன். லஸ் முனையில் 2013இன் கட்டணத்தை ஒப்பித்தபோது மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தக் கட்டணம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியும் மீட்டர் அதே இடத்தில் நின்றது. “மேல எவ்ளோ” என்று அந்த ஆள் கேட்டது டெக்சாஸ் பில்லின் அடியில் அச்சடித்திருந்த அதே கேள்வியைத்தான். அங்கே பிறகெல்லாம் பணிந்து எழுதிக் கொடுத்தேன். இங்கே கொள்ளை என்றேன்.

மறுநாள் தி. நகர். மைத்துனர் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ரங்கநாதன் தெருவில் ஒரு கடை, நாலாவது மாடி. எங்கள் பேச்சைக் கேட்டதும் விற்பனைப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “அண்ணாச்சி, நீங்க திருநெவேலியா? நான் திசையன்விளை” என்றாள். முப்பது சேலையாவது பிரித்துப் போட்டிருப்பாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. வசந்தபாலன் இதே தெருவின் வேதனையை ‘அங்காடித் தெரு’ என்று படமாக எடுத்து 11 வருஷம் கழித்து. அவள் பின்னால் ஸ்டூல் இருந்தது. உட்காரலாமே அம்மா என்றேன். “ஆளு வந்தா எந்திச்சிரணும்லா அண்ணாச்சி. ஆளு வந்துகிட்டேதான இருக்கு” என்றாள்.

காபி கொண்டுவந்து வைப்பவருக்கு டிப்ஸ் கொடுக்கிறோம். ரெண்டு மணி நேரம் கால் கடுக்க நின்று சேலை பிரித்துக் காட்டிய பிள்ளைக்கு ஏன் நம் கை சட்டைப் பைக்குப் போவதில்லை? யார் வகுத்த வழக்கம் இது? அவளிடம் 100 ரூபாய் நீட்டினேன். பதறி, மேலே கேமராவைப் பார்த்தாள். “வேண்டாம் அண்ணாச்சி, வேலை போயிரும்.” நோட்டை உள்ளே வைத்துக்கொண்டேன். அந்தப் பதற்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கே மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். கூட்டம் வரவில்லை. சப்ளையரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியும் சார். ரெண்டு சாப்ட்டீங்க.”

“தெரிஞ்சா அப்பவே கூப்பிட்டிருக்கலாமே?”

“சாப்ட்டு எழுந்து போறவரை நாலு பேர் முன்னாடி நிறுத்திக் கேக்கறதா? மொகம் சுண்டிடும் சார்.”

அவரே விளக்கினார். மாஸ்டர் வடையை எண்ணித்தான் தட்டில் கொடுப்பார். கடை சாத்தும்போது கல்லாக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பார்கள். குறைந்தால் சப்ளையர் தலையில் விழும். சாப்பாடு, படுக்க இடம் போக மாதம் 12,000 ரூபாய் சம்பளம். முன்பெல்லாம் டிப்ஸ் அந்தக் குறையை நிரப்பிவிடும். “இப்ப எல்லாரும் போனைக் காட்டி ஸ்கேன் பண்ணிட்டுப் போயிடறாங்க. அது நேரா ஓனர் அக்கவுண்டுக்குப் போவுது. சில்லறையே கண்ணுல படறதில்ல” என்றார்.

நான் கொடுத்த 20 ரூபாயில் 15 என் வடைக்கே போயிருக்கிறது.

“சொல்லாம வேணும்னே போறவங்களும் இருப்பாங்கல்ல?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும் சார்? மறதின்னே வச்சுக்கறேன்.”

தி. நகரில் நீட்டிய அதே 100 ரூபாயை எடுத்து அவரிடம் நீட்டினேன். வடைக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாங்கவில்லை. முகம் மாறிவிட்டது, ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று புரிந்தது.

“வடைக்கு 15 ரூபா. அது நீங்க எனக்குத் தர வேண்டியது. அதைக் குடுங்க. டிப்ஸ் தரணும்னா அதைத் தனியாத் தாங்க, வாங்கிக்கறேன். ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்க சார்.”

என்னிடம் சில்லறை இல்லை. கல்லாவில் நோட்டை மாற்றினேன். ஒரு பத்தும் ஒரு ஐந்தும் எண்ணி அவர் கையில் வைத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு 50 ரூபாய் கொடுத்தேன். அதைக் காபி மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்த தகர டப்பாவில் போட்டார். இலை எடுக்கும் பையனுக்கும் அதில் பங்கு உண்டாம்.

உட்கார்ந்தேன். இலை போட்டார், பொங்கல் வந்தது. வடைத் தட்டோடு வந்து நின்றவரிடம், ரெண்டு வையுங்கள் என்றேன்.