ஜகார்த்தா ரோட்டில் ஒரு மதுரை பஸ்

எல்லா ஹாஸ்டல் விங்லயும் ஒருத்தன் இருப்பான். காலையில இன்டர்னல் டெஸ்ட்டை வெச்சுக்கிட்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனைக் குறுக்கால பிடிச்சு பஸ் ஓட்டிக்கிட்டு இருப்பான். எங்க விங்ல அது நான்தான்.

கேம் பேரு பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. 2017-ல வந்தது. அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே வண்டிகள் சாலையின் இடதுபக்கம்தான் போகும், ஸ்டீயரிங் வலதுபக்கம். அதனால நம்ம பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டா அச்சு அசலாப் பொருந்தும். கேமோட வர்றது அந்த ஊர் பஸ்கள்தான். நான் ஓட்டுறது நம்ம அரசு பஸ். கண்ணாடிக்கு மேல 'மதுரை'ன்னு போர்டு. ஜகார்த்தா ரோட்டுல அந்த ஹாரனை அடிச்சா, எனக்கு மாட்டுத்தாவணிக்குள்ள நுழையுற மாதிரியே இருக்கும். இப்படி ஒரு கேமுக்கு வெளியாள் செஞ்சு சேர்க்கிறதுக்குப் பேர்தான் மாட். (மாடு இல்லைங்க, மாட்.)

அதை யாரு செஞ்சாங்கன்னு ரெண்டு வருஷம் நான் யோசிச்சதே இல்லை. ஓசியில கிடைச்சது, போட்டுக்கிட்டேன். ஒருநாள் கேம் அப்டேட் ஆனதும் பஸ்ஸோட கதவு திறக்கல. வந்துச்சே கோபம்! டெலிகிராம்ல அவரைத் தேடிப் பிடிச்சு, "எப்ப ப்ரோ சரி பண்ணுவீங்க? சும்மா இழுத்தடிக்காதீங்க"ன்னு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "செமஸ்டர் நடக்குது ப்ரோ. முடிஞ்சதும் பார்க்கிறேன்."

அவரும் என்னை மாதிரி அரியருக்குப் பயந்த ஒரு பையன். கடை ஊழியரை விரட்டுற மாதிரி நான் விரட்டியிருக்கேன். அதுவும் பத்து பைசா கொடுக்காம.

அந்த லீவுல, நாமளே ஒண்ணு செய்வோமேன்னு பிளெண்டரைத் திறந்தேன். மூணு வாரம். பஸ்ஸோட வெளிக்கூடு மட்டும் வந்தது, அதுவும் முன்பக்கம் கொஞ்சம் கோணல். பாலிகனைக் கூட்டினா போன் திணறுது, குறைச்சா பஸ் தீப்பெட்டி மாதிரி ஆகுது. சீட், கண்ணாடி, பெயின்ட், கதவு அசைவு, ஹாரன் எல்லாம் பாக்கி. அதை அப்படியே விட்டுட்டேன்.

சரி, காசு போட்டு விற்கலாமேன்னு நீங்க கேட்கலாம். 2015 ஏப்ரல்ல ஸ்டீம் தளத்துல ஸ்கைரிம் கேமுக்கு அதை முயற்சி பண்ணாங்க. விலையில மாட் செஞ்சவருக்கு 25 சதவீதம்தான், மிச்சம் கம்பெனிகளுக்கு. பயங்கர எதிர்ப்பு. சில நாள்லயே திட்டத்தை வாபஸ் வாங்கினாங்க. என் கருத்தும் அதேதான்: விலை வெச்சா என்னை மாதிரி பையன் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். ஆனா ஓசியில கிடைக்கிறதால அதுக்கு மதிப்பில்லைன்னு ஆகிடாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கே 1999-ல ஹாஃப் லைஃபுக்கு இலவசமா செஞ்ச மாட்தான்.

அதனாலதான் விருப்பப்பட்டுக் கொடுக்கிறது. இன்ஜினியரிங் படிக்கிறவங்ககிட்ட 'டொனேஷன்'னு சொன்னா வேற அர்த்தம் வரும். நான் அதைச் சொல்லல. பல பேரு வீடியோவுக்குக் கீழேயே க்யூஆர் கோடு வெச்சிருப்பாங்க. நானும் எத்தனையோ தடவை அதைத் தாண்டி டவுன்லோட் பட்டனுக்குப் போயிருக்கேன். நீங்க தினமும் ஓட்டுற ஒரு மாட் இருந்தா, அதைச் செஞ்சவருக்கு ஒரு தடவை, கேன்டீன்ல டீயும் பப்ஸும் வாங்குற காசை அனுப்பிப் பாருங்க. மாசக்கடைசின்னா வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனா அவர் பேரை வெட்டிட்டு தன் சேனல்ல ஏத்துறவன்கிட்ட மட்டும் டவுன்லோட் பண்ணாதீங்க. க்யூஆர் கோடு ஒரிஜினல் பக்கத்துலதான் இருக்கும்.

நான் ஐம்பது ரூபாய் அனுப்பினேன். கூடவே, அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு ஒரு சாரி. அரைமணி நேரம் பதில் இல்லை. அப்புறம், "ப்ரோ, தப்பா அனுப்பிட்டீங்களா? திருப்பி அனுப்பவா?"ன்னு கேட்டார். இதுவரைக்கும் எத்தனை பேர் அனுப்பியிருக்காங்கன்னு கேட்டேன். "உங்களோட சேர்த்து மூணு"ன்னார்.

கதவு இன்னும் திறக்கல. அவருக்கு இந்த வாரம் பிராக்டிகல். பேசஞ்சர் இல்லாமலே ஓட்டிக்கிட்டு இருக்கேன்.