சூரியன் மறையாத கடலில்

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துப் பாருங்கள். சூரியன் முகட்டின் பின்னே சாய்ந்ததும் காடு இருண்டுவிடும். மஃரிபு வந்துவிட்டதா என்று கடிகாரத்தைக் கேட்க வேண்டியதில்லை. இதே மலைத்தொடரின் காவலூரில் விண்ணாய்வாளர்கள் அந்த இருளுக்காகவே காத்திருக்கிறார்கள். ஆனால், வாரக்கணக்கில் சூரியன் மறையாத இடமும் அல்லாஹ்வின் இப்பூமியில் உண்டு. அங்கே நம் அறிஞர்களைச் சுமந்து சென்ற கப்பலுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

1981 டிசம்பர் 6 அன்று, 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வே நாட்டுக் கப்பல் 21 இந்தியர்களுடன் கோவாவிலிருந்து அண்டார்க்டிகா நோக்கிப் புறப்பட்டது. குழுவின் தலைவர் டாக்டர் செய்யது ஜஹூர் காசிம். டிசம்பர் 31 அன்று அவருக்கு 55 வயது நிறைந்தது, அந்தக் கடற்பயணத்தின் நடுவே!

தெற்கே நாற்பதாவது அட்சரேகையைக் கடந்தால், காற்றைத் தடுக்கப் பெருநிலம் ஏதும் இல்லை. மாலுமிகள் அப்பகுதியை 'உறுமும் நாற்பதுகள்' என்பர். பனியைப் பிளக்கும் கப்பல்களுக்கு அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். பனியில் அது பலம். அலையிலோ அதுவே தொல்லை. கப்பல் தொட்டிலெனப் புரளும், மேசைத் தட்டு நழுவும், நாற்காலியைக் கட்டிவைக்க வேண்டும். குமட்டலால் சோர்ந்த ஆய்வாளரும் எழுந்து வந்து, கடல்நீரை மொண்டு அதன் வெப்பத்தையும் உப்பையும் அளந்தாக வேண்டும்.

சூரியன் மறையாத கடலில் தொழுகை எப்படி என்று கேட்பீர்கள். இரவும் பகலும் பிரிந்து தெரியும் அண்மை ஊரின் நேரத்தைக் கணக்கிட்டுக் கொள்ளலாம் என்பது மார்க்க அறிஞர்களின் வழிகாட்டுதல். திசை மாறும் கப்பலில் இயன்றவரை கிப்லாவைப் பேணினால் போதும். பயணிக்கு நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்குகிறது. மார்க்கம் எவ்வளவு எளிதானது!

1982 ஜனவரி 9 அன்று குழுவினர் பனிக்கண்டத்தில் கால் பதித்தனர்; பிப்ரவரி 21 அன்று கோவா திரும்பினர். வீட்டாரோடு நினைத்தபோது பேசும் வசதியற்ற 77 நாட்கள்! அந்தப் பொறுமையின் கனிகளே 1989-ல் அமைந்த 'மைத்ரி'யும், 2012-ல் அமைந்த 'பாரதி'யும். காசிம் பின்னர் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் பணியாற்றி, 2015-ல் மறைந்தார்.

பெற்றோர்களே! கடலே இல்லாத அலகாபாத்தில் பிறந்து, கடலே இல்லாத அலிகாரில் பயின்றவர்தாம் அவர். நாளை உங்கள் மகனோ மகளோ தொலைவான ஒரு படிப்பைச் சொல்லி அனுமதி கேட்டால், "அதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று வாசலை அடைத்துவிடாதீர்கள். துஆ செய்து வழியனுப்புங்கள். தூரத்தைக் கடக்கச் செய்பவன் அல்லாஹ்.