இரண்டாவது குண்டு

மனிதனுக்கு ஒன்றில் திருப்தி ஏற்படுவதில்லை. பூட்டிய பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குகிறோம். கடிதம் உள்ளே விழுந்ததா என்று தபால் பெட்டியைத் தட்டிப் பார்க்கிற மனிதர்களை நான் அறிவேன். முடிச்சுப் போட்டால் இரண்டு முடிச்சு. சத்தியம் செய்தால் மூன்று தரம். இதையெல்லாம் அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. முதலாவது தவறிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பிறந்த ஜாக்கிரதை இது. இந்த ஜாக்கிரதையைத் துப்பாக்கிக் குழாய்க்குள் போட்டு அடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஒகேனக்கலுக்குப் போகிறவர்கள் அருவியையும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும், மீன் வறுவலையும் நினைத்துக்கொண்டு போவார்கள். பென்னாகரம் தாண்டியதும் இருபுறமும் காடு வருவதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. அந்தக் காட்டின் ஓரத்தில் ராகியும் நிலக்கடலையும் போட்டுப் பிழைக்கிற குடியானவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கிறவர்கள் அதனினும் குறைவு. தர்மபுரி ஜில்லாவில் மழை அதிகம் கிடையாது. பெய்கிற மழையை நம்பிப் போட்ட பயிர், அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் இரவில் காட்டுப்பன்றிக்கு ஆகாரமாகிவிடும். பன்றி தின்பதைவிடக் கிளறி அழிப்பது அதிகம்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவருடன் ஒரு பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவருடைய தகப்பனார் காலத்தில் வீட்டில் லைசென்சுடன் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். பிற்பாடு இவரே அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். துப்பாக்கி போய்விட்டது, அதைக் கெட்டிக்கிற விதம் மட்டும் அவர் விரல்களில் அப்படியே இருந்தது. கையில் ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு எனக்குச் செய்து காட்டினார்.

நாட்டுத் துப்பாக்கி, தோட்டாவைப் பின்பக்கம் செருகி மூடுகிற ஜாதி அல்ல. அதற்கு எல்லாம் வாய் வழியாகத்தான். முதலில் கரிமருந்து. அதன்மேல் தேங்காய் நாரோ கந்தல் துணியோ வைத்துக் கஜக்கோலால் குத்தி இறுக்க வேண்டும். பிறகு ஈயக் குண்டு. குண்டு உருண்டு வெளியே வந்துவிடாமல் இருக்க மறுபடி ஓர் அடைப்பு. கடைசியில் அடிப்பக்கத்துக் காம்பில் ஒரு 'கேப்'பை வைத்து விட்டால் தயார். பயிற்சி பெற்ற பழைய காலத்துச் சிப்பாய் இத்தனையையும் நிமிஷத்துக்கு மூன்று தரம் செய்வான். இருட்டில், பரண்மீது குந்திக்கொண்டு, பயத்தில் கை நடுங்குகிற குடியானவன் கதை வேறு.

"குண்டு ஒன்றுதானா, பெரியவரே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒண்ணு போட்டா ஒண்ணுதாங்க ஐயா. அது தப்பிச்சுன்னா, மறுபடி கெட்டிக்கிறதுக்குள்ள பன்னி பக்கத்து ஊருக்கே போயிடும். அதனால ரெண்டு போடுவாங்க, மூணு போடுவாங்க. சைக்கிள் பால்ரஸைக்கூட அள்ளிப் போடுறவங்க உண்டு. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு படுமில்லீங்களா?"

நியாயமான பேச்சுத்தான். நானும் முதலில் தலையை ஆட்டினேன். ஆனால் இந்த நியாயத்தைத் துப்பாக்கி ஒப்புக்கொள்வதில்லை.

காரணம் எளிது. மருந்தில் உள்ள சக்தி ஓர் அளவுதான். அதே மருந்து ஒரு குண்டுக்குப் பதிலாக அதே எடையில் இரண்டைத் தள்ள வேண்டுமென்றால், சக்தி இரண்டாகப் பங்கு பிரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் குண்டின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. ஒவ்வொன்றுக்கும் பாதிப் பலந்தான் மிஞ்சுகிறது. ஆகவே, இரண்டு குண்டு என்பது இரண்டு முழுக் குண்டு அல்ல, இரண்டு அரைக் குண்டு! ஆனால் சுடுகிறவன் தோளில் விழுகிற உதை மட்டும் குறைவதில்லை. ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடுகிறது.

பலம் குறைகிறதே என்று மருந்தை அதிகமாக்கினால் ஆபத்து குழாய்க்கு. அதோடு இன்னொரு கண்டமும் உண்டு. இரண்டு குண்டுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மருந்தின்மீது இறுக உட்கார வேண்டும். நடுவே வெற்றிடம் விழுந்துவிட்டால், குழாய் அந்த இடத்தில் புடைக்கும்; சமயத்தில் வெடித்துச் சிதறும். அப்போது குண்டு யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவனுடைய விரல்கள்தாம் போகும்.

குறி என்ன ஆகிறது என்று பார்ப்போம். நாட்டுத் துப்பாக்கியின் உட்புறம் வழவழவென்றிருக்கும். ரைபிளில் இருப்பதுபோல் குண்டைச் சுழலவிட்டு நேரே செலுத்துகிற சுருள் வரிகள் அதில் கிடையா. உருண்டைக் குண்டு குழாயைவிடச் சற்றுச் சிறியது. ஆதலால் பக்கங்களில் மோதிக்கொண்டே வெளியேறும். ஒன்றாக இருந்தாலே எங்கே போகுமென்று நிச்சயமில்லை. இரண்டு சேர்ந்தால் வாசலைத் தாண்டியதும், பாகப்பிரிவினை முடிந்த சகோதரர்களைப்போல ஆளுக்கொரு திசையில் பிரிகின்றன. இரண்டுக்கும் நடுவே பன்றி சௌக்கியமாக நின்றாலும் ஆச்சரியமில்லை.

அப்படியானால் உலகத்தில் யாரும் இரண்டு குண்டு போட்டதே இல்லையா? தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். 1777-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன், இனிமேல் செய்கிற தோட்டாக்களிலெல்லாம் குண்டோடு ரவைகளையும் சேர்க்கும்படி தம் படைக்கு உத்தரவிட்டார். 1805-இல் டிரபால்கர் கடற்போரில் பீரங்கிகளுக்கு இரண்டு குண்டு, மூன்று குண்டு என்று போட்டார்கள். நெல்சனுடைய 'விக்டரி' கப்பலில் ஒரு பீரங்கிக்கு, 68 பவுண்டுக் குண்டு ஒன்றும் 500 துப்பாக்கிக் குண்டுகள் கொண்ட ஒரு சிறு பீப்பாயும் சேர்த்துத் திணித்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு எதிரே நின்றது ஒரு கூட்டம். அல்லது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய கப்பல். குண்டு எங்கே போனாலும் எவன்மீதாவது படும். தர்மபுரிக் குடியானவனுக்கு எதிரே இருப்பது இருட்டு. இருட்டுக்குள் ஒரே ஒரு பிராணி.

பயம் மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களமே சாட்சி. சண்டை ஓய்ந்த பிறகு அங்கே 27,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அந்த 24,000-இல் பாதியில் இரண்டு கெட்டிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சுமார் 6,000-இல் மூன்று முதல் பத்து வரை! சந்தடியில், சுட்டோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல் மேலே மேலே கெட்டித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வீட்டுப் பரணில் கெட்டித்து வைத்து மறந்த துப்பாக்கிக்கும் இதே விபத்து உண்டு. அப்பன் போட்டது தெரியாமல் மகன் மேலே இன்னொன்று போடுவான். அதற்காகவே விவரமறிந்தவர்கள் முதலில் கஜக்கோலை உள்ளே விட்டு, எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்ப்பார்களாம்.

இதையெல்லாம் விட என் மனத்தை உறுத்துவது வேறு. இரண்டு அரைக் குண்டுகளில் ஒன்று பிராணியின் மேல் பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது சாவதில்லை, புண்பட்டுக் காட்டுக்குள் போகிறது. ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவதத்தில் சுட்ட பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். அதன் வாயில் வலப்புறக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றைக்கோ எவனோ சுட்ட குண்டு செய்த வேலை. இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதனிடம் வந்தது. பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டிக் காடுகளில் சுற்றி அலைந்த கென்னத் ஆண்டர்சனும், நாட்டுத் துப்பாக்கியால் காயப்பட்டுத் திரிந்த மிருகங்களைப்பற்றித் தம் புத்தகங்களில் அலுக்காமல் புலம்பியிருக்கிறார். சுட்டவன் வீட்டில் தூங்குகிறான். புண்ணின் வட்டியை வேறு எவனோ கட்டுகிறான்.

இதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எங்கப்பா ஒத்தைக் குண்டுதாங்க போடுவாரு. ரெண்டு போட்டா கை அவசரப்படும்னு சொல்லுவாரு" என்றார்.

நான் படித்த புத்தகங்களில் இல்லாத விஷயம் இந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தவன் காத்திருக்கிறான். பிராணியைக் கிட்டே வரவிடுகிறான். இன்னதென்று நிச்சயமாகத் தெரியாமல் விசையைத் தொடுவதில்லை. நிழலாட்டம் பன்றியா, பக்கத்து வயல்காரனா என்று பார்க்கிற பொறுமையும் அவனுக்கு உண்டு. இரண்டாவது குண்டு குழாய்க்குள் நுழைந்ததும் அந்தப் பொறுமை வெளியே போய்விடுகிறது.

துப்பாக்கிக் காலம் மலையேறிவிட்டது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தபின் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், காட்டுப் பிராணியை வேட்டையாடுவதும் குற்றம். 2022-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ராகிக் கொல்லையின் பயம் சட்டத்தால் தீர்ந்துவிடவில்லை. வேறு உருவம் எடுத்தது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிக்கு அருகே, பயிரைக் காக்கச் சட்டத்துக்கு விரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. மின்வேலிக்குக் குறியே கிடையாது. பன்றியா, யானையா, மனிதனா என்று அது கேட்பதில்லை. இரண்டாவது குண்டின் கொள்ளுப்பேரன் அது.

குடியானவனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் எழுந்துவிடத் தயாராக இல்லை. ஒரே இரவில் வருஷச் சோற்றை இழக்கிறவனிடம் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது வயிறு நிறைந்தவர்களுக்குச் சுலபம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம், காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று உத்தரவு போட்டது. அதற்கு உட்பட்ட தூரத்தில், ஒரு கிலோமீட்டர்வரை சுடுவது கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிடித்துக் காட்டில் விடலாம். காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருப்பவனுக்கு இதனால் அதிக லாபமில்லை. அவனுக்கு வேண்டியது அழிந்த பயிருக்கு உரிய பணம். அதுவும் அடுத்த விதைப்புக்கு முன்னால் கையில் கிடைக்க வேண்டும்.

முதல் முறையீட்டுக்கே பதில் வரும் என்ற நம்பிக்கை ஒருவனுக்கு இருந்தால், அவன் எதையும் இரட்டிப்பாகக் கெட்டிக்க மாட்டான்.