வலியும் வலிமையும்

தமிழில் ‘வலி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பண்டை நூல்களில் அது பெரும்பாலும் வலிமையைக் குறிக்கும். திருக்குறளில் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரம் உள்ளது. அங்கு வலி என்பது ஆற்றலே ஆகும். இக்கால வழக்கிலோ தலைவலி, கால்வலி என நோவையே அச்சொல்லால் சுட்டுகின்றோம். மாறுபட்டவை போலத் தோன்றும் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் ஒன்றியிருத்தலின் நயம் எனக்கு நன்கு விளங்கியது ஓர் ஓட்டத்திடலிலே ஆகும்.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் தொலைவுள்ள நெடிய ஓட்டம். இத்தொலைவு 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதல் ஓடப்பெற்று, 1921 ஆம் ஆண்டில் நிலையாக வரையறுக்கப்பட்டது. நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பெற்றுள்ள சர்க்கரைப் பொருளே விரைந்த ஓட்டத்திற்கு முதன்மையான எரிபொருள். பலருக்கு அச்சேமிப்பு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அளவில் வற்றத் தொடங்கும். எஞ்சிய 12 கிலோமீட்டரைக் களைத்த கால்களாலேயே கடத்தல் வேண்டும். ஆதலின், களைத்த கால்களால் ஓடவும் பயிற்சி வேண்டும் அன்றோ?

இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் செக்கோஸ்லோவாக்கிய நாட்டு வீரர் எமில் சாட்டோபெக். 400 மீட்டர் தொலைவை விரைந்தோடுதல், சிறிது மெல்ல ஓடுதல், மீண்டும் விரைதல் எனப் பன்முறை ஓடிப் பயின்றவர் அவர். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூலை 20 அன்று 10,000 மீட்டரிலும், 24 அன்று 5,000 மீட்டரிலும் தங்கப் பதக்கம் வென்றார். 27 ஆம் நாள், அதுவரை தாம் ஒருமுறையும் ஓடியறியாத மாரத்தானில் இறங்கி, 2 மணி 23 நிமிடம் 3 நொடியில் அதனையும் வென்றார். களைத்த கால்களுடன் தொடங்கி முதல்வராய் முடித்தார் எனின், அவர்தம் பயிற்சியின் திறத்தை என்னென்பது!

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், அலுவலகப் பணியிலிருந்துகொண்டே மாரத்தான் ஓடப் பயின்றுவந்தார். ஒரு ஞாயிறன்று 28 கிலோமீட்டர் ஓடிய அவர், செவ்வாய்க்கிழமை விடியலில் கடும்பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். 400 மீட்டர் திடலை நான்கு முறை விரைந்து சுற்றுதல், பின் அரைச்சுற்று மெல்ல ஓடுதல். இவ்வாறு ஆறு முறை செய்தல் வேண்டும். விரைவுச் சுற்றுகள் மட்டும் 24. அவற்றை எண்ணித் தருமாறு என்னை வேண்டினார். நான் 24 புளியங்கொட்டைகளை எடுத்துச் சென்று, சுற்றுக்கு ஒன்றாக ஒரு கையினின்று மறு கைக்கு மாற்றி வந்தேன்.

மூன்று முறைகள் செவ்வனே முடிந்தன. நான்காம் முறையில் அடிகள் கனத்தன. காலடியோசை திடல் முழுவதும் கேட்டது. அம்முறை முடிந்ததும், “இன்று இவ்வளவு போதுமே, தம்பி” என்றேன். அவர் நின்று, கெண்டைக்கால்களையும் முழந்தாள்களையும் அழுத்திப் பார்த்தார். “ஐயா, இரண்டு கால்களும் ஒரே அளவாகக் கனக்கின்றன. ஓரிடத்திலும் குத்தல் இல்லை. இது களைப்புத்தான்; ஓடலாம்” என்றார். பின்னர், அடியைச் சிறிது குறுக்கினார், தோள்களைத் தளர்த்தினார், எஞ்சிய சுற்றுகளை எண்ணாமல், எதிரே உள்ள வளைவு ஒன்றையே நோக்கி ஓடினார். அவ்வளவே அவர் செய்தது. ஆறாம் முறையை நான்காம் முறையினும் இரண்டு நொடி முன்னதாகவே முடித்தார்.

அடுத்த செவ்வாயும் அப்பயிற்சியே நிகழ்ந்தது. பத்தாம் சுற்று முடிந்ததும் அவர் நின்றுவிட்டார். “இடக்கால் முன்னெலும்பில் ஓரிடத்தில் மட்டும் குத்துகின்றது, ஐயா. இன்று ஓடலாகாது” என்று கூறிக் காலணியைக் கழற்றினார். என் கையில் 14 கொட்டைகள் எஞ்சியிருந்தன. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆயினும் ஐயம் சிறிதும் இல்லை. எலும்பில் ஏற்படும் இத்தகைய நோவைப் பொருட்படுத்தாது ஓடினால், அது நாளடைவில் முறிவாகவும் முற்றக்கூடும். ஆறு நாள் அவர் ஓடவே இல்லை. நோவு நீங்கியபின் மீண்டும் திடலுக்கு வந்தார்.

கடும்பயிற்சியால் தசைநார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. உணவும் உறக்கமும் அவற்றைச் செப்பனிட்டு, முன்னையினும் உறுதியாக்குகின்றன. ஆகவே, உழைப்பு ஒரு பாதி, ஓய்வு மறுபாதி. ஒன்றை விட்டு மற்றொன்றால் மட்டும் பயன் விளையாது.

2020 ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் நடைபெற்ற மாரத்தானில் அவர் ஓடினார். “32 கிலோமீட்டர் கடந்ததும் கால்கள் கனத்தன, ஐயா. அந்தக் கனம் எனக்குப் பழகியதாகவே இருந்தது. அதனால் அஞ்சவில்லை” என்று பின்னர் என்னிடம் கூறினார். அவர் முழுத்தொலைவையும் ஓடி முடித்த செய்தியினும், அச்சொற்களே எனக்குப் பெரிதும் மகிழ்ச்சி தந்தன.

மாணவர்களே! கணக்கு ஒன்று விடை தராமல் அலைக்கழிக்கும்போதும், நெடும்பாடம் மனத்தில் நில்லாதபோதும் உங்களுக்கும் களைப்புத் தோன்றும். அது, ‘வேண்டா’ என்று கூறும் களைப்பா, ‘ஆகாது’ என்று எச்சரிக்கும் நோவா என ஒரு கணம் நின்று ஆராய்ந்து பாருங்கள். களைப்பாயின், அடுத்த வளைவு வரையேனும் செல்லுங்கள். நோவாயின், நாணாது நின்று ஓய்வு கொள்ளுங்கள். இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவே வலிமைக்கெல்லாம் அடிப்படையாகும்.